மழை வலுக்கிறது, எல்லா ஆறுகளிலும் வெள்ளமும் கூடுகிறதா?

புவி வெப்பமாவதால் ஆற்று வெள்ளங்கள் உண்மையிலேயே அதிகரித்துள்ளனவா, அல்லது எக்காலத்திலும் வந்துகொண்டிருந்த வெள்ளங்களே இப்போது உடனுக்குடன் நம் கண்ணில் படுகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். பருவநிலை மாற்றம்தான் காரணம் என்றால், சில நாடுகளில் வெள்ளம் குறைந்திருப்பதாக ஆய்வுகள் சொல்வது எப்படி என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கனமழை கூடுகிறது என்பதும் வெள்ளம் கூடுகிறது என்பதும் ஒரே கூற்று அல்ல. முன்னது உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளுக்குப் பொருந்தும். பின்னது ஆற்றுக்கு ஆறு, பருவத்துக்குப் பருவம், ஏன், ஒரே ஆற்றின் சிறு வெள்ளத்துக்கும் பெருவெள்ளத்துக்கும் இடையேகூட மாறுபடும்.

கனமழையைப் பற்றிய பகுதியில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்ட இயற்பியல். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் பன்னாட்டு அரசுகள் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தில் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெய்த ஒருநாள் கனமழை, புவி ஒரு டிகிரி வெப்பமடைந்த நிலையில் பத்தாண்டுகளில் 1.3 முறை பெய்கிறது. வெப்பம் 2 டிகிரியை எட்டினால் அது 1.7 முறையாகவும், 4 டிகிரியை எட்டினால் 2.7 முறையாகவும் உயரும். அதே அறிக்கை, ஆறுகளின் உச்ச நீரோட்டம் உலக அளவில் ஒரே திசையில் மாறியுள்ளதா என்ற கேள்விக்கு மட்டும் உறுதியான விடை சொல்லாமல், சில வட்டாரங்களில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் உள்ளது என்று நிறுத்திக்கொள்கிறது. இதை விஞ்ஞானிகளின் தயக்கம் என்று சிலர் படிக்கிறார்கள். உண்மையில் அது ஆறுகளின் இயல்பைச் சரியாகச் சொல்லும் வாக்கியம்.

மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே மண் இருக்கிறது. வறண்டு கிடக்கும் நிலத்தில் பெய்யும் 100 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடலாம். ஏற்கெனவே ஒரு வாரம் நனைந்து ஊறிய அதே நிலத்தில் அதே மழை ஏறத்தாழ முழுவதுமாக ஆற்றை அடையலாம். வெப்பம் கூடும்போது காற்றில் நீராவி கூடுகிறது என்றால், இரு மழைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் கூடுகிறது. ஆகவே மழை வந்து சேரும்போது அதை வாங்கிக்கொள்ளும் நிலம் முன்பைவிடக் காய்ந்திருக்கிறது. இந்த இரண்டு விளைவுகளும் எதிரெதிராக இழுக்கின்றன. எது வெல்லும் என்பதை மழையின் அளவே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ வரும் சாதாரணப் பெருக்கில் மண்ணின் முன் ஈரம் பெரும் பங்கு வகிப்பதால், காய்ந்த மண் அதைக் குறைத்துவிட முடியும். ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யும் பேய்மழையில் மண்ணின் கொள்ளளவு முதல் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் பெய்வதெல்லாம் ஓட்டம்தான். எனவே ஒரே ஆற்றில் சிறு வெள்ளங்கள் குறைவதும் பெருவெள்ளங்கள் கூடுவதும் ஒருசேர நிகழலாம். சிறு வெள்ளம் குறைவது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் நிலத்தடி நீரை நிரப்புவதும், நீர்த்தேக்கங்களுக்கு நீர் சேர்ப்பதும், வண்டலைப் பரப்புவதும் அந்தச் சாதாரணப் பெருக்குகள்தாம்.

வடிநிலத்தின், அதாவது ஓர் ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பகுதியின், பரப்பும் இதே அளவுக்கு முக்கியம். சில பத்து சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓடைக்கு ஒரு மணி நேர மேகவெடிப்பு போதும். பல லட்சம் சதுர கிலோமீட்டர் வடிநிலம் கொண்ட பேராற்றுக்கு அந்த மழை ஒரு மூலையில் விழும் துளி. அதற்கு வாரக்கணக்கில் பரவலாகப் பெய்யும் மழையோ, பெருமளவு பனியுருகலோ வேண்டும். வெப்பமயமாதல் மிகத் தெளிவாக வலுப்படுத்துவது குறுகிய நேரத்தில் கொட்டும் மழையை. ஆகவே சிற்றாறுகளிலும், மண்ணே இல்லாமல் கான்கிரீட்டால் மூடப்பட்ட நகர்ப்புற ஓடைகளிலும் அதன் விளைவு முதலில் தெரிகிறது. பேராறுகளில் மங்கலாகவே தெரிகிறது.

இந்தக் கலவையை மிக நன்றாகக் காட்டுவது ஐரோப்பா. அங்குதான் நெடுங்கால நீரளவைப் பதிவுகள் நெருக்கமாகக் கிடைக்கின்றன. 1960 முதல் 2010 வரையிலான பதிவுகளை 3,738 நிலையங்களிலிருந்து திரட்டிய ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. வடமேற்கில், அதாவது பிரித்தானியத் தீவுகளை ஒட்டிய பகுதியில், இலையுதிர்கால, குளிர்கால மழை வலுத்து மண்ணும் நனைந்தே இருப்பதால் வெள்ளங்கள் பத்தாண்டுக்கு 11 சதவீதம் வரை கூடியிருந்தன. தெற்கில் மழை குறைந்து ஆவியாதல் கூடியதால் நடுத்தர, பெரிய ஆறுகளின் வெள்ளங்கள் குறைந்திருந்தன. கிழக்கில் நிலத்தைப் போர்த்தும் பனியே மெலிந்துபோனதால், வசந்த காலத்தில் பனி உருகி வரும் வெள்ளம் பத்தாண்டுக்கு 23 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஒரே கண்டம், ஒரே ஐம்பது ஆண்டு, ஒரே வெப்பமயமாதல், விளைவுகள் மூன்று. கண்டம் முழுவதற்கும் சராசரி எடுத்துப் பார்த்து ‘பெரிய மாற்றமில்லை’ என்று ஒருவர் முடிவு கட்டினால், அது கணக்கில் சரியாகவும் பொருளில் முற்றிலும் தவறாகவும் இருக்கும்.

அளவைப் போலவே காலமும் நகர்கிறது. சுவீடன், பின்லாந்து, பால்டிக் நாடுகள் ஆகியவற்றில் 1960-களிலும் 70-களிலும் ஏப்ரலில் வந்த பனியுருகல் வெள்ளம் இப்போது மார்ச்சிலேயே வந்துவிடுகிறது. ஒரு மாதம் முந்துவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நீர்த்தேக்கத்தை எப்போது காலி செய்வது, எப்போது நிரப்புவது, விதைப்பை எப்போது தொடங்குவது ஆகிய எல்லா அட்டவணைகளும் பழைய தேதியை வைத்து எழுதப்பட்டவை. மலைகளில் இன்னொரு மாற்றமும் இதனோடு சேர்கிறது. உயரே செல்லச் செல்ல வெப்பநிலை கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறைவதால், ஒரு டிகிரி வெப்பமானால் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலே ஏறுகிறது. முன்பு பனியாக விழுந்து மாதக்கணக்கில் மலையிலேயே தங்கியிருந்த நீர், அந்த 150 மீட்டர் பட்டையில் மழையாக விழுந்து அன்றே கீழே இறங்குகிறது. புயலின் ஈரம் கூடாவிட்டாலும்கூட, மழையைப் பெற்று உடனே வடிக்கும் பரப்பு விரிந்துவிட்டதால் வெள்ளம் பெருக்கிறது. கிடக்கும் பனியின் மேல் வெதுவெதுப்பான மழை பெய்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

குறைந்துபோன வெள்ள வகைகளையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் ஒருதலையாகிவிடும். உறைந்த ஆற்றின் பனிக்கட்டிகள் உடைந்து வளைவுகளிலும் பாலங்களிலும் அடைத்துக்கொண்டு நீரைத் தேக்கும் வெள்ளம், மைய ஐரோப்பாவின் எல்பே, ஓடர் ஆறுகளில் பழைய நூற்றாண்டுகளில் பேரழிவு விளைவித்த ஒன்று. ஆறுகள் முன்போல் கெட்டியாக உறையாததால் அவ்விரு ஆறுகளிலும் குளிர்கால வெள்ளங்கள் குறைந்துவிட்டன என்பது 2003-ல் வெளியான ஆய்வின் முடிவு.

இனி, குறைகிறது என்ற போக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஸ்பெயினின் வலென்சியா நல்ல சான்று. ஐரோப்பிய ஆய்வில் வெள்ளம் குறைவதாகக் காட்டப்பட்ட தெற்குப் பகுதியைச் சேர்ந்தது அது. 2024 அக்டோபர் 29 அன்று அங்குள்ள துரீஸ் என்ற ஊரின் மழைமானியில் ஒரு மணி நேரத்தில் 184.6 மில்லிமீட்டரும், ஒரு நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேலும் பதிவாயின. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் போயோ என்னும் காட்டாற்றுப் பள்ளத்தில் வந்த வெள்ளம் புறநகர்ப் பகுதிகளுக்குள் புகுந்தது. அந்தப் பேரிடரில் 220-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையே பெய்யாத தாழ்நிலத் தெருக்களில்கூட மேட்டிலிருந்து வந்த நீர் புகுந்து மக்களை அடித்துச் சென்றது. பெரிய ஆறுகளின் ஆண்டு உச்சம் குறைவதும், சிறு பள்ளங்களின் திடீர் வெள்ளம் கொடியதாவதும் முரண்பாடுகள் அல்ல என்று முன்னர்ச் சொன்னது இங்கே ஒரே நாளில் தெரிந்தது. பெரும்பாலான திடீர் வெள்ளப் பள்ளங்களில் நீரளவை நிலையமே இருப்பதில்லை என்பதால், அவை எந்தப் புள்ளிவிவரப் போக்கிலும் இடம்பெறுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பருவமழையைச் சார்ந்த பகுதிகளில் மாற்றத்தின் முகம் வேறு. மத்திய இந்தியாவில் 1950 முதல் 2015 வரை பருவமழையின் மொத்த அளவு குறைந்துவந்த அதே காலத்தில், பரந்த பரப்பில் ஒருசேரப் பெய்யும் அதிகனமழை நிகழ்வுகள் மூன்று மடங்காகியுள்ளன என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் கொட்டித் தீர்ப்பது என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். வறட்சியும் வெள்ளமும் ஒரே ஆண்டில் ஒரே வடிநிலத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிந்து ஆற்றின் இரண்டு வெள்ளங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். 2010-ல் பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியில் பெய்த மழை ஆற்றில் இறங்கி, வாரக்கணக்கில் தெற்கு நோக்கி நகர்ந்தது. அது பாடப்புத்தகம் சொல்லும் ஆற்று வெள்ளம். கீழே இருந்தவர்களுக்கு நாள்கணக்கில் முன்னறிவிப்புக் கிடைக்கக்கூடிய வகை. 2022-லோ தெற்கிலுள்ள சிந்து, பலுசிஸ்தான் மாகாணங்களின் மீதே ஆகஸ்ட் மாதத்தில் வழக்கத்தைப்போல் ஏழெட்டு மடங்கு மழை கொட்டியது. வறண்ட, தட்டையான சமவெளியில் விழுந்த நீர் ஆற்றை அடையவே வழியின்றிக் கரைகளுக்கும் சாலைகளுக்கும் இடையே மாதக்கணக்கில் தேங்கி நின்றது. 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். ஆற்றிலிருந்து வெளியேறும் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரைகள், ஆற்றுக்குள் திரும்ப வேண்டிய வெள்ளத்தையும் தடுத்துவிடும். மழை விழும் இடம் மாறினால் தற்காப்பே தடையாகும் என்பதை வடிவமைப்பாளர்கள் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

உயர்மலைகளில் பனியாறுகள் பின்வாங்கும்போது அவை விட்டுச்செல்லும் தளர்வான கல்மண் வரப்புகளுக்குப் பின்னே ஏரிகள் பெருகுகின்றன. அவை உடையும்போது வரும் வெள்ளத்துக்கு மழையே தேவையில்லை. 2023 அக்டோபர் தொடக்கத்தில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி அவ்வாறு உடைந்து, கீழே சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்ட நீர்மின் அணையை இரவோடு இரவாக அடித்துச் சென்றது. இந்த வகை வெள்ளத்துக்குப் பழைய ஆற்றுப் பதிவுகளில் ஒப்பீடு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இவ்வளவு நிகழ்ந்தும் ‘பருவநிலை மாற்றமே காரணம்’ என்று ஆற்று வெள்ளத்தில் சொல்லத் தயங்குவது ஏன்? முதல் இடையூறு, வெள்ளங்கள் இயல்பாகவே கூட்டம் கூட்டமாக வருபவை என்பது. எகிப்தில் பணியாற்றிய பொறியாளர் ஹரால்டு எட்வின் ஹர்ஸ்ட், நைல் நதிக்கு எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் தேவை என்று கணக்கிடும்போது, கெய்ரோவின் ரோடா தீவு நீர்மானியில் கி.பி. ஏழாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் பதிவுகளை ஆராய்ந்தார். நீர்மிகுந்த ஆண்டுகள் தொடர்ந்து பல வருவதும், பிறகு வறண்ட ஆண்டுகள் தொடர்ந்து பல வருவதும், தற்செயலாக எதிர்பார்க்கத்தக்கதைவிட மிக அதிகம் என்று 1951-ல் அவர் காட்டினார். அவ்வாறிருக்க, முப்பது ஆண்டுப் பதிவில் தெரியும் ஏற்றம் இயற்கையான கூட்டமா, நிலையான போக்கா என்று பிரிப்பது எளிதன்று. ஐரோப்பாவின் ஐந்நூறு ஆண்டு வரலாற்று ஆவணங்களிலிருந்து வெள்ளங்களைத் தொகுத்து 2020-ல் வெளியான ஆய்வு, இத்தகைய வெள்ளம் மிகுந்த காலங்கள் ஒன்பதைக் கண்டறிந்தது. 1990-க்குப் பிந்தைய காலம் அவற்றில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. அதைவிட முக்கியமானது, முந்தைய வெள்ளக் காலங்கள் வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தன என்பதும், இன்றையது மட்டும் வெப்பமாக இருக்கிறது என்பதும். பழைய விதிப்படி நடக்கும் சுழற்சி இது என்று சொல்பவர்கள் விளக்க வேண்டிய வேறுபாடு இது.

ஆற்றை மனிதன் மாற்றியமைத்திருப்பது இரண்டாவது இடையூறு. மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் ஏரிப் படிவுகளையும் மர வளையங்களையும் கொண்டு ஐந்நூறு ஆண்டு வெள்ளங்களை மீட்டெடுத்தவர்கள், நூறாண்டு வெள்ளத்தின் அளவு 20 சதவீதம் கூடியிருப்பதாகவும், அந்த உயர்வில் ஏறத்தாழ முக்கால் பங்கு கரை கட்டியதும் ஆற்றை நேராக்கியதுமான பொறியியல் வேலைகளால் வந்தது என்றும் 2018-ல் கணித்தனர். பருவநிலையின் பங்கைத் தேடுபவர் முதலில் இந்த முக்கால் பங்கைக் கழிக்க வேண்டும். உலகெங்கும் 7,250 நிலையங்களின் 1971–2010 பதிவுகளைக் கணினி மாதிரிகளின் கணிப்புகளோடு ஒப்பிட்ட 2021-ஆம் ஆண்டு ஆய்வு இதைத்தான் செய்தது: நீர் மேலாண்மையையும் நிலப் பயன்பாட்டையும் மட்டும் சேர்த்தால், எங்கே நீரோட்டம் கூடியது, எங்கே குறைந்தது என்ற உலகளாவிய வடிவம் கிடைக்கவில்லை, மனிதரால் வந்த பருவநிலை மாற்றத்தையும் சேர்த்தபோதுதான் கிடைத்தது.

மூன்றாவது இடையூறு அளவீடே. ஜெர்மனியின் ஆர் ஆற்றில், ஆல்டெனார் நீரளவை நிலையத்தின் பதிவு 1946-ல்தான் தொடங்குகிறது. 2021 வரை அங்கு பதிவான உச்ச நீர்மட்டம் 2016-ல் வந்த 3.71 மீட்டர். 2021 ஜூலை 14 இரவு நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே நிலையம் பழுதாகிவிட்டது. பின்னர்க் கட்டடங்களில் படிந்த கறைகளை வைத்துச் சுமார் 10 மீட்டர் என மதிப்பிட்டனர். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு 1804-லும் 1910-லும் பெருவெள்ளங்கள் வந்ததற்கு ஆவணங்கள் உண்டு. ஆனால் அபாய வரைபடத்துக்கான கணக்கு 1946-க்குப் பிந்தைய எண்களைக் கொண்டே போடப்பட்டிருந்தது. இந்த வெள்ளத்தில் பருவநிலையின் பங்கை ஆராய்ந்த விஞ்ஞானிகளும், நீரளவைக் கருவிகள் அழிந்துபோனதால், மழையோடு நின்றுவிட நேர்ந்தது: அப்பரந்த வட்டாரத்தில் அத்தகைய ஒருநாள் மழையின் அளவு 3 முதல் 19 சதவீதம் கூடியிருக்கிறது, அதன் வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு வரை உயர்ந்திருக்கிறது என்பதே அவர்கள் தந்த விடை. மிகப் பெரிய வெள்ளத்தைத்தான் நாம் மிக மோசமாக அளக்கிறோம்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லையும் இங்கே சரிபார்த்துக்கொள்வது நல்லது. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். வீட்டுக்கடன் அடைபடும் முப்பது ஆண்டுக் காலத்தில் அது ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். ஆண்டு வாய்ப்பு 1-லிருந்து 2 சதவீதமாக மாறினால், அந்த முப்பது ஆண்டு வாய்ப்பு 45 சதவீதமாகிறது. ஆண்டுக்கு ஆண்டு பார்ப்பவருக்கு அந்த ஒரு சதவீத மாற்றம் கண்ணுக்கே தெரியாது. பதிவேட்டில் அது உறுதிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும்.

உங்கள் முதல் கேள்வியின் மற்றொரு பாதிக்கு, அதாவது முன்பைவிடக் கூடுதலாகக் கண்ணில் படுகிறதா என்பதற்கு, ஆம் என்பதும் விடையின் ஒரு பகுதிதான். ஆனால் செய்தி ஊடகம் மட்டும் அதற்குக் காரணமன்று. 2000 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களில் வெள்ளம் சூழ்ந்ததாகத் தெரிந்த பகுதிகளில், 2000-க்கும் 2015-க்கும் இடையே மட்டும் 5.8 கோடி முதல் 8.6 கோடி வரை மக்கள் கூடியுள்ளனர். வெள்ளம் மாறாமல் இருந்திருந்தாலும் இழப்பு கூடியிருக்கும் என்பதால், சேதத் தொகை உயர்வதை மட்டும் வைத்துப் பருவநிலை மாற்றத்துக்குச் சான்று காட்டுவதை நான் ஏற்பதில்லை. கழிமுகங்களில் இன்னொரு சுமையும் உண்டு: 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதால், ஆற்றில் முன்பிருந்த அதே நீரோட்டம் வந்தாலும் கடலுக்குள் அது வடிவது தாமதமாகிறது.

இவற்றையெல்லாம் வடிவமைப்புக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 1995-ல் சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற நேர்ந்த நெதர்லாந்து, ரைன் ஆற்றின் வடிவமைப்பு நீரோட்டத்தை, அதாவது தடுப்புகள் தாங்க வேண்டிய உச்ச நீரோட்டத்தை, நொடிக்கு 15,000 கன மீட்டரிலிருந்து 16,000 ஆக உயர்த்தியது. அதற்காகக் கரைகளை மேலும் உயர்த்தாமல், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டது. நைமேகன் நகருக்கு எதிரே லென்ட் பகுதியில் கரையையே 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தி, நடுவே புதிய கால்வாய் வெட்டியது. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் புதிய தடுப்பு வேலைகளுக்கு நூறாண்டு வெள்ள அளவோடு 15 சதவீதம் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆல்ப்ஸ் ஓடைக்கும் சமவெளி ஆற்றுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதைவிட, பக்கத்து மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க் செய்வதுபோல் வட்டாரத்துக்கும் வெள்ளத்தின் அரிதுத்தன்மைக்கும் ஏற்ப வெவ்வேறு காரணிகளை வகுப்பது ஆறுகள் நடந்துகொள்ளும் விதத்துக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன். அப்படி வகுக்க நெடுங்கால நீரளவைப் பதிவு வேண்டும். அது இல்லாத ஆறுகளில் மழைப் பதிவிலிருந்து நீரோட்டத்தைக் கணிப்பதுதான் இப்போதைக்கு வழி, அந்தக் கணிப்பில் மழைக்கு முன் மண்ணில் இருந்த ஈரத்தையும் சேர்த்துக்கொண்டால்.